மூன்றாம் பம்பு, 2.40

மூன்று கம்பெனிகள் வந்தன.
முதலாவது சென்னையிலிருந்து, காரில்,
சிப்காட் வளைவிலேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.
எங்கள் நாற்றம் எங்களுக்குத் தெரிவதில்லை,
வருகிறவர் மூக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.
இரண்டாவது புனேயிலிருந்து, திரையில் மட்டும்.
மூன்றாவதாக, காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி
பஸ் மாறி ராணிப்பேட்டை வந்த ஜெனிட்டா,
முதுகுப்பையில் லேப்டாப்,
துப்பட்டா முழுக்க வெயில்.

ஆபத்து, விதிமுறை, நிர்வாகம்
மூன்றையும் ஒரே மென்பொருளில் கட்டவேண்டும்.
முதலாளி ஒரு மதிப்பெண் தாள் தந்தார்.
விலைக்கு நாற்பது.
பார்க்க லட்சணமாக இருக்கிறதா, பதினைந்து.
வெளிநாட்டு ஷூக்காரன் தணிக்கைக்கு வந்தால்
ஒரே பட்டனில் அறிக்கை கொட்டுமா, இருபத்தைந்து.
மீதியை நீங்களே போட்டுக்குங்க தில்ஷாத், என்றார்.

நான் எத்திராஜின் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.
கழிவுநீர் நிலையத்து நோட்டு.
சுண்ணாம்புக் கறை, டீக் கறை,
நடுவில் ஒரு பக்கம் அவர் மகனின் வகுத்தல் கணக்கு,
மீதி தப்பு.
'ஜூலை ஒன்பது. ராத்திரி 2.40.
மூணாம் பம்பு நின்னுட்ச்சி.
தொட்டி விளிம்பு வரைக்கும் தண்ணி.'

இது உங்களிடம் எங்கே உட்காரும்?
மூவரிடமும் இதே கேள்விதான்.

சென்னைக்காரர் ஒரு கட்டம் விரித்தார்,
ஐந்துக்கு ஐந்து, கீழே பச்சை, மேலே சிவப்பு.
நடக்க வாய்ப்பு இரண்டு, பாதிப்பு நான்கு,
பெருக்கினால் எட்டு.
எட்டு என்றால் மஞ்சள்.
மஞ்சளுக்கு யாரும் தூக்கத்திலிருந்து எழவேண்டாம்.
எத்திராஜ் முழங்கால் ஆழத்தில்
ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றது
மஞ்சளில்.

புனேக்காரர் சிரித்தபடியே இருந்தார்.
தவறாக ஏறிய பதிவை அட்மின் திருத்தலாம்,
நீக்கலாம், சுவடு இருக்காது.
விலையும் பாதி.
முதலாளியின் நாற்காலி ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது.
என்னுடையதும் நகர்ந்தது, மறைப்பானேன்.

நோட்டில் அதற்கு அடுத்த வரியை
நான் யாருக்கும் வாசிக்கவில்லை.
'தில்ஷாத் மேடத்துக்கு மூணு வாட்டி போன் போட்டேன். எடுக்கல.'

போன் சைலன்ட்டில் இருந்தது.
அவ்வளவுதான்.
பெரிய காரணமாக ஒன்று இருந்திருக்கலாம் என்று
நானே பலநாள் தேடிப் பார்த்தேன்.
விடிந்தபோது தண்ணீர் சுவர் தாண்டி
நீலம் கலந்து கால்வாயில் போய்க்கொண்டிருந்தது.
கால்வாய் எங்கே போகும் என்று
இந்த ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

ஜெனிட்டாவிடம் கேட்டேன், அழிக்க முடியுமா?
முடியாது மேடம். அடிச்சுத் திருத்தலாம்,
அடிச்சது தெரியும்.
கொஞ்சம் பொறுத்து,
அழிக்கிற வசதிதான் வேணும்னா எங்ககிட்ட இல்ல,
என்று லேப்டாப்பை மூடினாள்,
ஆர்டர் கைவிட்டுப் போன முகத்தோடு.

மீதி இருபது மதிப்பெண்ணுக்கு
'அழியாமை' என்று ஒரு வரி சேர்த்தேன்.
புனேக்குப் பூஜ்யம், இவளுக்கு இருபது.
கூட்டினால் அப்போதும் இரண்டு மதிப்பெண்ணில்
புனேதான் முன்னால்.

வேறு வழியில்லை.
அடுத்த வரியை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன்.
ஏசி ஒருமுறை அடங்கி மறுபடி உறுமியது.
'இந்த நோட்ட வேற யாராச்சும் பார்த்தாங்களா?'
இனிமே எல்லாரும் பார்ப்பாங்க சார், என்றேன்.
நெடுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.
பிறகு, பன்னிரண்டு சதவீதம் குறைக்கச் சொல்லுங்க.

இன்று பயிற்சி.
பழைய பதிவுகளை ஒற்றை விரலால் ஏற்றுகிறார் எத்திராஜ்.
தேதி. மணி. பம்பு.
'பொறுப்பாளர்' என்ற இடத்தில் விரல் நிற்கிறது,
பெயர்கள் கீழ்நோக்கி விரிகின்றன.
திரும்பி என்னைப் பார்க்கிறார்.
'போடட்டுமா மேடம், காலியா வுட்டுடவா?'
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்,
காலியாக விட்டால் நகராது.

'தி'யில இருக்கும், பாருங்க.